துறைமுகங்கள் மறந்த கணக்கு – 5: இருமுறை மூடப்பட்ட வலோங்கோ

1843 செப்டம்பரில் நேப்பிள்ஸிலிருந்து ஒரு மணப்பெண் கப்பலில் ரியோ டி ஜெனீரோவுக்கு வந்து சேர்ந்தாள். பெயர் தெரெசா கிறிஸ்டினா, இரு சிசிலிகளின் அரசகுமாரி. மாப்பிள்ளை பிரேசிலின் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோ, வயது பதினேழு. மாப்பிள்ளைக்குப் பதில் ஆள் நிறுத்தி நேப்பிள்ஸிலேயே தாலிகட்டாத குறையாகக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். படத்தில் பார்த்த பெண் வேறு, நேரில் வந்த பெண் வேறு என்று மாப்பிள்ளையின் முகம் வாடியது தனிக்கதை. நமக்கு வேண்டியது, அவள் இறங்குவதற்காகத் தயார் செய்த இடம்.

அந்த இடத்துக்கு வலோங்கோ என்று பெயர். பட்டத்தரசி காலடி வைப்பதற்காகப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கிராந்ழான் தெ மோந்தின்யி அதைப் புதுப்பித்தார். செதுக்கிய கருங்கல் பாவி, பளிங்குச் சிலைகள் நிறுத்தி, ‘பட்டத்தரசி துறை’ என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். அடியில் கிடந்த பழைய கல்தளத்தை எடுக்கக்கூட இல்லை. அதன் மேலேயே புதிய தளத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தப் பழைய தளத்தில் இறங்கியவர்கள் வேறு. அவர்களுக்கு யாரும் சிலை வைத்து வரவேற்பு கொடுக்கவில்லை.

சென்ற இதழில் பிரான்சின் நாந்த் நகரைப் பார்த்தோம். லுவார் நதிக்கரையில் 2012இல் திறந்த நினைவிடம், தரையில் பதித்த 2,000 கண்ணாடிப் பலகைகள், அவற்றில் பெரும்பாலானவற்றில் அடிமைக் கப்பல்களின் பெயரும் ஆண்டும். நாந்த் யோசித்து, விவாதித்து, வரைபடம் போட்டுக் கட்டியது. ரியோவின் கதை அப்படியல்ல. இங்கே நினைவிடம் கட்ட யாரும் குழி தோண்டவில்லை. ஒலிம்பிக் போட்டிக்காகத் துறைமுகத்தை மினுக்கப் போன இடத்தில், வடிகால் குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணுக்கடியில் நினைவிடம் தானாகக் கிடந்தது.

முதலில் வலோங்கோ எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அடிமைகளை நகரின் நட்டநடுவில், அரசு மாளிகைக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்து, நோயும் புண்ணுமாக, உடுக்கத் துணியில்லாமல் வந்தவர்கள் தெருவில் நடத்திச் செல்லப்பட்டார்கள். அதைப் பார்த்துக் கனவான்களுக்கு வந்தது இரக்கமல்ல, அருவருப்பு. வைஸ்ராய் லவ்ராடியோ பிரபு 1774இல், சந்தையை ஊருக்கு வெளியே, குன்றுகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்த வலோங்கோவுக்கு மாற்றினார். வியாபாரத்தை நிறுத்தவில்லை, கண்ணில் படாமல் தள்ளி வைத்தார். 1811இல் அங்கே கல்லால் துறை கட்டினார்கள்.

துறையை ஒட்டி ஒரு தொழிலே வளர்ந்தது. இறங்கியவர்களைக் கிட்டங்கிகளில் அடைத்து, சில வாரம் சாப்பாடு போட்டு உடம்பு தேற்றி, எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்றார்கள். பிரெஞ்சு ஓவியர் தெப்ரே அப்படியொரு கடையை வரைந்திருக்கிறார். எலும்பெடுத்த உடம்புகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெருத்த வியாபாரி நாற்காலியில் சாய்ந்தபடி பேரம் பேசுகிறார். 1823இல் அந்தத் தெரு வழியே போன ஆங்கில எழுத்தாளர் மரியா கிரஹாம், அரைக்கதவின்மேல் சாய்ந்து நின்ற சிறுவர்களைப் பார்த்து நின்றதையும், அவர் சிரித்ததும் அவர்கள் துள்ளியதையும் எழுதி வைத்திருக்கிறார். விற்பனைக்கு நின்ற பிள்ளைகளும் பிள்ளைகள்தானே.

ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்கள் மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் கப்பல் பதிவுகளிலிருந்து கூட்டிய கணக்கு. அதில் பிரேசிலுக்கு மட்டும் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 48 லட்சம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேரடியாக வந்தவர்கள் நான்கு லட்சத்தைத் தொடவில்லை. ஆனாலும் அடிமைமுறை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது மிசிசிப்பியின் பருத்திக் காடுதான். சினிமாவின் கைங்கர்யம் அது. வலோங்கோ என்ற ஒரே துறையில் இறங்கியவர்கள் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் என்று யுனெஸ்கோ மதிப்பிடுகிறது. அங்கோலா, காங்கோ, பிற்காலத்தில் மொசாம்பிக் என்று பல கரைகளிலிருந்து வந்தவர்கள்.

1831இல் பிரேசில் இந்த வணிகத்துக்குத் தடைச் சட்டம் போட்டது. ஆங்கிலேயர் கண்ணுக்காகப் போட்ட சட்டம் என்று ஊரே சிரித்தது. வலோங்கோ சந்தை மூடியதே தவிர, ஆள் இறங்குவது ஆளரவமற்ற வேறு கடற்கரைகளுக்கு மாறிக்கொண்டது. அதன்பின் திருட்டுத்தனமாக ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1850இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் கப்பல்கள் நின்றன. அடிமைமுறை ஒழிந்தது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டத்தில் அதைக் கடைசியாகக் கைவிட்ட நாடு பிரேசில்.

1843இல் பட்டத்தரசிக்காக ஒருமுறை மூடிய துறையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொருமுறை மூடினார்கள். மேயர் பெரேரா பாசோஸ் பாரிஸ் மாதிரி ஒரு நகரம் வேண்டுமென்று ஆசைப்பட்ட காலம். கடலை மண்போட்டு நிரப்பிப் புதிய துறைமுகம் கட்டினார்கள். கரை பல நூறு மீட்டர் தள்ளிப் போயிற்று. பட்டத்தரசி துறை ஒரு சாதாரணச் சதுக்கத்துக்கு அடியில் போனது. அதன் பளிங்குச் சிலைகளை மட்டும் பத்திரமாக எடுத்துப் பக்கத்துக் குன்றுச் சரிவில் அமைத்த தொங்கு தோட்டத்தில் வைத்தார்கள். சிலைகளாக நின்ற ரோமானியக் கடவுளருக்கு மாற்றிடம் கிடைத்தது.

மறைத்ததில் மண்ணுக்கு மட்டும் பங்கில்லை. துறைக்குக் கொஞ்ச தூரத்தில் ‘புதிய கறுப்பர்களின் இடுகாடு’ என்று ஒன்று இருந்தது. கப்பலிலிருந்து இறங்கி, விற்பனையாவதற்கு முன்பே செத்தவர்களைப் போடும் இடம். புதைக்கும் இடம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1814இல் அங்கே போன ஜெர்மானிய இயற்கையியலாளர் ஃப்ரைரைஸ், நடுவில் ஒரு மண்மேடும் சுற்றிலும் சிதைந்த உடல்களுமாகக் கிடந்ததை விவரித்திருக்கிறார். உடல்களைக் குவித்து, அவ்வப்போது எரித்து, எலும்புகளை நொறுக்கி, ஊர்க் குப்பையோடு கலந்துவிட்டார்கள். 1824 முதல் 1830 வரையிலான ஏழு ஆண்டுக்குத் திருச்சபையின் இறப்புப் பதிவேட்டில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இடுகாடு இயங்கிய அறுபது ஆண்டுகளுக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்குக் குறையாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தத் தெருவின் பெயர் முதலில் ‘இடுகாட்டுத் தெரு’. பிற்பாடு அதை ‘நல்லிணக்கத் தெரு’ என்று மாற்றினார்கள். எந்த அதிகாரி யோசித்த பெயரோ, நெஞ்சழுத்தக்காரர்.

அதே தெருவில் 1996 ஜனவரியில் ஒரு தம்பதி தங்கள் வீட்டைப் பழுதுபார்க்க அஸ்திவாரம் தோண்டினார்கள். எலும்புகள் வந்தன. முதலில் யாரோ கொலை செய்து புதைத்திருக்கிறார்கள் என்றுதான் பயந்தார்கள். மண்டையோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியதும், இது ஒரு கொலைகாரன் செய்த வேலையில்லை என்று புரிந்தது. அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், பழைய வரைபடம் சொன்னது: வீடு நிற்பதே இடுகாட்டின் மேல்.

நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்போம், அல்லது பரிகாரம் செய்துவிட்டு வீட்டை விற்றிருப்போம். அவர்கள் தெரிவித்தார்கள். ஆய்வாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அரசு அசையவில்லை. 2005இல் அந்தக் குடும்பமே தங்கள் இடத்தில் ‘புதிய கறுப்பர்கள் நிறுவனம்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. அங்கே போகிறவர்கள் குனிந்து கண்ணாடி வழியாகத் தரைக்குக் கீழே பார்க்கலாம்: தோண்டிய குழி, மண், சிப்பி, பானையோடு, மாட்டெலும்பு, அவற்றினிடையே மனித எலும்புத் துண்டுகள். பிரித்துக் கழுவி அலமாரியில் அடுக்கவில்லை. குப்பையோடு கலந்து கிடந்தது கிடந்தபடியே. நான் அறிந்தவரை அடிமை வணிகத்தைச் சொல்லும் காட்சிகளில் இதைவிடப் பொய்யில்லாதது இல்லை.

ரியோவுக்கு ஒலிம்பிக் கிடைத்தது 2009 அக்டோபரில். அதே ஆண்டு ‘போர்ட்டோ மராவில்யா’ என்ற திட்டமும் வந்தது. பெயரின் பொருள் அற்புதத் துறைமுகம். 50 லட்சம் சதுர மீட்டர் பரப்பை மாற்றியமைக்கும் திட்டம். சரக்குக் கப்பல்கள் வேறு பக்கம் போய்விட்டதால் பல பத்தாண்டாகப் பாழடைந்து கிடந்த கிட்டங்கிகள், கடலை மறைத்து ஓடிய மேம்பாலச் சாலை, குன்றுகளில் ஏழை மக்கள். மேம்பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிராம் வண்டி வந்தது. கூடுதல் மாடி கட்டும் உரிமையைப் பத்திரங்களாக்கி விற்று அந்தப் பணத்தில் எல்லாம் நடக்கும் என்பது ஏற்பாடு. தனியார் வரிசை கட்டி வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்; பத்திரங்களை மொத்தமாக வாங்கியது தொழிலாளர் சேமநிதிப் பணம்.

பெரிய கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் ஆய்வு நடத்தியாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் தானியா அந்திராடே லிமாவிடம் பொறுப்பு வந்தது. ஒப்பந்தக்காரர்கள் இதை ஒரு சடங்காக நினைத்திருக்கலாம். லிமாவோ வலோங்கோவைத் தேடியே போனார். 2011இல் முதலில் பட்டத்தரசியின் செதுக்கிய கருங்கற்கள் தெரிந்தன. அதற்கும் கீழே, உடைத்த கடலை மிட்டாய்போல மேடும் பள்ளமுமாக, ஒழுங்கில்லாத கற்களைப் பதித்த தளம். ஒன்பது லட்சம் பேர் வெறுங்காலோடு மிதித்து நடந்த கல்.

கற்களின் இடுக்குகளிலும் சுற்றுமண்ணிலும் கிடைத்தவை லட்சக்கணக்கான பொருட்கள். கண்ணாடி மணிகள், சுட்டமண் புகைக்குழல்கள், செம்பு வளையங்கள், தாயத்துகள், சோழிகள், பியசாவா என்ற பனைநாரில் முடைந்த குட்டி மோதிரங்கள். அந்த மோதிரத்துக்குச் சந்தையில் காலணா பெறாது. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, கையில் கிடைத்த நாரைக் கொண்டு யாரோ விரலுக்கு அளவு பார்த்து முடைந்திருக்கிறார். சோழி வேறொரு கதையையும் சொல்லும். மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி, கப்பல் கப்பலாகப் போய் மேற்கு ஆப்பிரிக்காவில் நாணயமாகப் புழங்கியது. மனிதர்களுக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டது. பூசைக்கும் குறிசொல்லவும்கூட அதுவேதான். எது எதற்கானது என்று பிரித்தறிய, பிரேசிலில் இன்றும் வாழும் ஆப்பிரிக்க வழிபாட்டு மரபான கந்தோம்பிளேயின் பூசாரிப் பெண்களை லிமா அழைத்தார். பல்கலைக்கழகம் வழிகேட்டுப் பூசாரியிடம் போனது. அந்த அகழாய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

மூடிவிடக் கூடாது என்று கறுப்பின இயக்கங்கள் உறுதியாக நின்றன. 2011 நவம்பரில் நகராட்சி ஓர் ஆணை போட்டு, வலோங்கோ துறை, இடுகாடு, தொங்கு தோட்டம், அடிமைச் சந்தைச் சதுக்கம், சம்பா இசை வளர்ந்த ‘உப்புப் பாறை’, ஜோசே போனிஃபாசியோ பண்பாட்டு மையம் என்று ஆறு இடங்களைக் கோத்து ஒரு மரபுப் பாதையை அறிவித்தது. 2012 ஜூலையில் துறை மக்கள் பார்வைக்குத் திறந்தது. அன்றிலிருந்து ஜூலைதோறும் கந்தோம்பிளேப் பெண்கள் வெள்ளுடையில் வந்து, வாசனை நீரூற்றி அந்தக் கற்களைக் கழுவுகிறார்கள். இந்தப் பகுதிக்கு ‘குட்டி ஆப்பிரிக்கா’ என்று பெயர் வந்ததற்கு, ஓவியரும் சம்பா இசைஞருமான எய்டோர் டோஸ் பிரசேரெஸைக் காரணமாகச் சொல்வார்கள். பிரேசிலின் தலைசிறந்த எழுத்தாளர் மஷாடோ டி அசிஸ் பிறந்ததும் இங்குள்ள குன்றொன்றில்தான்.

இனி பணம் போன வழி. வலோங்கோவிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் கடலுக்குள் நீளும் மேடையில் ‘நாளைய அருங்காட்சியகம்’ நிற்கிறது. ஸ்பானியக் கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து 2015 டிசம்பரில் திறந்தது. வெள்ளை வெளேரென்று, முதுகில் அசையும் சூரியத் தகடுகளோடு இருக்கும். செலவு 20 கோடி ரியாலைத் தாண்டியது. பருவநிலை, மக்கள்தொகை, பூமியின் எதிர்காலம் என்று அறிவார்ந்த காட்சிகள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. திறந்த முதல் நாளிலிருந்தே வரிசை நின்றது. ஒலிம்பிக் விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டதும் அங்கேதான். அடிமைமுறைக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டுவதாக அதே நகரம் சொல்லிக்கொண்டே இருந்தது. ‘நாளை’ எழும்பிவிட்டது, நேற்றைக்குத்தான் நிதி ஒதுக்கீடு வரவில்லை.

அதே ஆண்டுகளில் குன்றின்மேல் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. துறைமுகத்துக்கு மேலே இருக்கும் பிராவிடென்சியா, ரியோவின் முதல் குடிசைக் குடியிருப்பு என்று பெயர் பெற்றது. விடுதலை பெற்ற அடிமைகளின் வாரிசுகள் நிறையப் பேர் வாழும் இடம். 2011 வாக்கில் நகராட்சி வீட்டுவசதித் துறை ஆட்கள் வந்து, இடிக்க வேண்டிய வீடுகளின் சுவரில் துறையின் மூன்றெழுத்துச் சுருக்கமான ‘எஸ்எம்எச்’ என்பதையும் ஓர் எண்ணையும் வண்ணம் பீய்ச்சி எழுதினார்கள். ‘இன்றே குன்றைவிட்டு இறங்கு’ என்பதன் சுருக்கம் அது என்று குடியிருந்தவர்கள் கசப்போடு கேலி செய்தார்கள். வழக்குப் போட்டுப் பாதியை நிறுத்தினார்கள். வீடுகளுக்குப் பதிலாக வந்த கம்பிவட வண்டி 2014இல் ஓடத் தொடங்கி, ஒலிம்பிக் முடிந்த ஆண்டின் இறுதியில் நின்று, பல ஆண்டு துருப்பிடித்துக் கிடந்தது. கீழே மூதாதையரின் கற்களுக்குப் பெயர்ப்பலகை, மேலே பேரப்பிள்ளைகளின் சுவரில் இடிப்பு எண். இரண்டும் ஒரே திட்டத்தின் வேலை.

2017 ஜூலையில் போலந்தின் கிராகோவ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு வலோங்கோவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆப்பிரிக்க அடிமைகள் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்திறங்கியதற்கு எஞ்சியிருக்கும் மிக முக்கியமான தடயம் என்பது அதன் தீர்ப்பு. அதே 2017இல் இடுகாட்டு வீட்டில் முதன்முறையாக ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது. இருபது வயதை ஒட்டிய இளம்பெண். சூடானில் அடிமையாக விற்கப்பட்டுப் பின்னாளில் கத்தோலிக்கப் புனிதரான ஜோசபின் பகிதாவின் பெயரை அவளுக்கு வைத்தார்கள். அதே 2017இல்தான் நகராட்சியின் மானியம் நின்றுபோய், அந்த நிறுவனம் கதவை மூட வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. பொதுமக்களிடம் கையேந்தித்தான் விளக்கை எரியவிட்டார்கள்.

துறைக்கும் பட்டத்தால் உடனே விடிவு பிறக்கவில்லை. தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கும் இடம். பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்கும். கற்கள் பெயரும், விளக்குகள் எரியாது, காவல் இருக்காது. சீரமைக்க வந்த முதல் பெரிய தொகைகளில் ஒன்று அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வழியாக வந்தது. வேலைகள் நடந்து, 2023 நவம்பரில் தடுப்புக் கம்பிகளும் விளக்குகளும் விளக்கப் பலகைகளுமாக அதை மீண்டும் திறந்தார்கள். பண்பாட்டு மையமாக இருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் 2021இல் ஆப்பிரிக்க-பிரேசில் வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. சிறியதுதான், ஆனாலும் திறந்திருக்கிறது.

பெரிய அருங்காட்சியகத்துக்கென்று சொல்லப்பட்ட கட்டடம் துறைக்கு நேர் எதிரே நிற்கிறது. செங்கல்லால் எழுப்பிய நீண்ட துறைமுகக் கிட்டங்கி. 1871இல் அதைக் கட்டியவர் அந்திரே ரெபோசாஸ். கறுப்பினப் பொறியாளர், அடிமை ஒழிப்புப் போராளி. நாடெங்கும் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலத்தில், தன் கட்டுமானத்தில் அடிமை உழைப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வைத்தவர். யுனெஸ்கோவிடம் பட்டம் கேட்டபோது, இங்கே நினைவு மையம் அமையும் என்று பிரேசில் வாக்குக் கொடுத்தது. உள்ளே ஏற்கெனவே குடியிருந்தது பசிக்கு எதிராக 1993 முதல் இயங்கிவரும் ஒரு தொண்டு இயக்கம். அரிசியும் பயறும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து ஏழைகளுக்குப் போன இடம். அருங்காட்சியகத்துக்காக அவர்களை எழுப்புவதா, அவர்களையும் சேர்த்துக்கொண்டு கட்டுவதா, மத்திய அரசு கொடுக்குமா, நகராட்சி கொடுக்குமா என்று ஆண்டுகள் ஓடின. கலத்ராவாவின் வெள்ளைக் கூரைக்கு ஒலிம்பிக் ஒரு கெடு வைத்தது. இந்தச் செங்கல் கட்டடத்துக்குக் கெடு வைக்க யாருமில்லை.

அடுத்த இதழில் லிவர்பூல். அங்கே அடிமைமுறைக்கான அருங்காட்சியகம் 2007இலேயே திறந்துவிட்டது. ஆனால் அது இருக்கும் ஆல்பர்ட் துறை, பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்து 39 ஆண்டு கழித்துத் திறந்தது. அடிமைக் கப்பல்களுக்குச் சரக்கேற்றிய 1715ஆம் ஆண்டின் பழைய துறையோ, ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அடியில் கிடக்கிறது.

(தொடரும்)